அம்பு பட்ட பிறகு

இனிச் சும்மா இருக்கவேண்டும். இதுதான் இப்போதைய வேலை, பிறந்த நாளிலிருந்து எனக்கு வராத வேலை. விழுந்துகிடக்கிற மேப்பிள் மரத்தில் முதுகைச் சாய்த்து, அம்பை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், குண்டி விறைக்கிறது, மான் போன திசையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்தே அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்பை இன்னொரு தடவை மணந்து பார்க்கிறேன், ஏதோ இதற்குள் மணம் மாறியிருக்கும் என்பதுபோல. மாறவில்லை. இரத்தம் நுரைத்த சிவப்பாக இருந்தால் நெஞ்சில் பட்டிருக்கிறது, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போய் மானை எடுக்கலாம். கறுத்த சிவப்பென்றால் ஈரல், பொறுக்கவேண்டும். இது பச்சை. அரைத்த கீரைமாதிரிப் பச்சை, தண்டு முழுக்க வழிந்து அம்பின் வாலில் கட்டிய வான்கோழி இறகிலும் அப்பியிருக்கிறது, மாட்டுக்கொட்டில் மணம். இரைப்பைக்குள்ளால் போய் மற்றப் பக்கம் வந்து மண்ணில் குத்தி நின்றது. இரைப்பையில் பட்ட மான் சாகும், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் ஆறுதலாக, மெல்ல மெல்லச் சாகும். அதுவரை வேட்டைக்காரன் கிட்டப் போகக்கூடாது. காலையில் பட்டால் மத்தியானம் தாண்டும்வரை, பின்னேரம் பட்டால் விடியும்வரை, இருந்த இடத்தில் இருக்கவேண்டும். விட்டுவிட்டால் அது கொஞ்சத் தூரம் நடந்து, ஒரு மறைவு பார்த்துப் படுத்துவிடும், படுத்த இடத்திலேயே முடிந்துவிடும். பின்னால் போனாலோ எழும்பி ஓடும். வயிற்றில் ஓட்டையோடு மைல்கணக்கில் ஓடும், இரத்தமும் வராது, அடையாளமும் இராது, பிறகு அதை நரிகள்தான் கண்டுபிடிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், எய்தபோது கண் எங்கே போனது? இந்த வில்லில் குறிபார்க்கிற கருவி ஒன்றும் கிடையாது, கப்பியும் கிடையாது, ஒரு மரம், ஒரு நாண், அவ்வளவுதான். பார்க்கிற இடத்துக்கு அம்பு போகும். அதனால் மானைப் பார்க்கக்கூடாது, மானில் ஒரு மயிரைப் பார்க்கவேண்டும், முன்னங்காலுக்குப் பின்னால் ஒரே ஒரு மயிர். முழு மானையும் பார்த்தால் அம்பு முழு மானிலும் எங்கேயோ படும். என்னோடு வேட்டைக்கு வருகிற அருமைநாதனுக்கு நூறு தரம் சொல்லியிருப்பேன். இன்றைக்கு நான் முழு மானையும் பார்த்தேன். பெட்டை மான், தனியாக வந்தது, நின்று கழுத்தைத் திருப்பித் தன் முதுகை நக்கியது, அந்தக் கழுத்து மெலிந்து நீண்டு இருந்தது, நான் கழுத்தைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், விரல் நாணை விட்டுவிட்டது. முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, அவசரமில்லாமல் நடந்துபோனது. கடைசியாகக் கண்ட இடத்தில் அடையாளத்துக்கு ஒரு கிளையில் கைதுடைக்கிற ரிசுப் பேப்பரைக் கட்டிவிட்டு வந்து குந்தியிருக்கிறேன்.

வந்திருக்கவே கூடாது. வருகிற யோசனையும் எனக்கு இருக்கவில்லை, அவள்தான் துரத்தினாள். நேற்றுப் பின்னேரம் நான் குசினிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன், மனுசி நேசமலர் கட்டிலில் கிடந்தபடி, "இஞ்சேருங்கோ, நாளைக்குச் சனிக்கிழமை தானே, காட்டுக்குப் போங்கோவன். என்னைச் சுத்திச் சுத்தி நிக்கிறது எனக்குக் களைக்குது" என்றாள். களைக்குதாம். நடக்கிறவன் நான், களைப்பது அவளுக்கு. "ஆரணி வரேக்கை ஒரு மான் கறி சமைப்பம், கொண்டுவாங்கோ" என்று மகளையும் இழுத்தாள், அது சும்மா எனக்குச் சொன்ன சாட்டு. கறி தாளிக்கிற மணம் வந்தாலே அவளுக்கு ஓங்காளிக்கும், மேல்மாடி அக்கா மீன் பொரித்தால் நாங்கள் யன்னல் எல்லாவற்றையும் பூட்டவேண்டியிருக்கிறது. முன்பு அப்படியா? மான் கொண்டுபோன நாளில் எங்கள் மாடி முழுக்க அவளுடைய பிரட்டல் மணக்கும், லிஃப்டில் வருகிறவர்கள் எந்தக் கதவு என்று மணம் பிடித்து வருவார்கள், அவள் சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தனுப்புவாள், வெள்ளிக்கிழமை தான் மட்டும் தொடமாட்டாள். வேடன்மாதிரி வில்லைத் தூக்கிக்கொண்டு திரியுறார் என் மனுசன் என்று கோயிலில் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பாள், வேடன் எப்போது லிஃப்டில் ஏறினான் என்று கேட்டால் அதற்கும் சிரிப்பாள். ஏன் துவக்கு இல்லை என்று அவள் மட்டும் கேட்டதில்லை. வெடிச் சத்தம் கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று அவளுக்குத் தெரியும், சண்டை நடந்த ஒட்டுசுட்டானில் இருந்து வந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும். இப்போது நேரம் என்ன ஆகியிருக்கும்? பார்க்கமாட்டேன். பார்த்தால் இன்னும் மெதுவாகப் போகும். திங்கட்கிழமை வருகிறது, அது மட்டும் மெதுவாகப் போகவில்லை. அவளுக்கு மார்பில் தொடங்கிய புற்று எலும்புக்குப் போய்விட்டது, இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று, மூன்றாவது ஒன்று இருக்கிறது என்கிறார் டொக்டர், திங்கட்கிழமை தொடங்கலாம், சிலருக்குச் சில மாதம் கூடக் கிடைக்கும், சிலருக்கு இல்லை, உடம்பு தாங்கவேண்டும். நல்ல மனுசி அந்த டொக்டர், ஒன்றையும் ஒளிக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காரில் வரும்போது நேசமலர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் காணும்" என்றாள். போதுமாம். சோறு போடும்போது கையை நீட்டித் தட்டை மறைப்பாளே, அதே குரலில். "விசர்க்கதை கதையாதை" என்று நான் சொன்னேன்.

அணில் ஒன்று சருகில் ஓடினால் மான் நடக்கிற சத்தம்மாதிரியே கேட்கிறது, எத்தனை வருடமானாலும் இந்த நெஞ்சிடி மட்டும் மாறவில்லை. ஓடு, போ. ஆரணி கல்கரியில் இருந்து ஒவ்வொரு இரவும் தொலைபேசி எடுக்கிறாள், "அப்பா, நீங்கள்தான் அம்மாவைச் சம்மதிக்க வைக்கோணும், நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா" என்கிறாள். கேட்பாள், அதுதான் பிரச்சினை. இரண்டாவது மருந்துக்கும் எனக்காகத்தான் ஓம் என்றாள். நான் சொன்னால் திங்கட்கிழமை எழும்பி, அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, லிஃப்டில் இறங்கிக் காரில் ஏறுவாள். சொல்லாமல் இருந்தால்? அப்படி ஒருவன் இருப்பானா, மருந்து இருக்கிற நாட்டில் இருந்துகொண்டு, மனுசிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லுகிறவன்? என் அப்பா மருந்தில்லாமல் செத்தவர். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்து, காய்ச்சலுக்கு ஒரு பனடோல்கூடக் கிடைக்காமல், ஈரத்துணியைத்தான் நெற்றியில் போட்டார்களாம். நான் இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்து காசனுப்பிக்கொண்டிருந்தேன், சண்டையில் பாதை பூட்டி, காசு கொழும்பில் கிடந்தது. அன்றைக்கு நினைத்தேன், இனி எனக்கு வேண்டியவர்கள் யாருக்கும் ஒரு மருந்தும் இல்லை என்று இருக்கக்கூடாது, என்ன இருந்தாலும் அதைக் கொடுப்பேன், இருக்கிற எல்லாவற்றையும் கொடுப்பேன். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரி மருந்து, சித்த மருந்து, யாரோ சொன்ன முள்ளுச்சீத்தா இலைக் கசாயம், காலையில் கஞ்சி, பத்து மணிக்கு ஜூஸ், பின்னேரம் சூப். அன்பு என்றால் அதுதானே? வேறென்ன? கால் விறைத்துவிட்டது. மெல்ல நீட்டுகிறேன், சருகு சத்தம் போடாமல்.

போன வருடம் அருமைநாதன் செய்த கூத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். அவனும் நானும் ஒரே தொழிற்சாலை, ஒரே நேரம் வில் வாங்கினோம், இரண்டுபேருக்கும் ஒரே இளிச்சவாய்ப் பைத்தியம். அவனுக்கும் இதேமாதிரிப் பச்சையில்தான் பட்டது. அவனால் இருக்க முடியவில்லை. பாவமாக இருந்ததாம், நோவில் கிடக்குமே, போய்ச் சீக்கிரம் முடித்துவிடுவோம் என்று போனானாம். போனால் அது எழும்பி ஓடியிருக்கிறது. நான் பின்னேரம் போய்ச் சேர்ந்து இரண்டுபேருமாகத் தேடினோம். முதல் படுக்கை கிட்டத்தான் இருந்தது, சருகு அமுங்கி, நடுவில் ஒரு கறுத்த இரத்தக் கட்டி. அங்கேயே விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பிறகு இன்னொரு படுக்கை, பிறகு இன்னொன்று, ஒவ்வொன்றாகப் படுத்துப் படுத்து எழும்பி ஓடியிருக்கிறது, ஒவ்வொரு படுக்கையிலும் முந்தினதைவிட இரத்தம் குறைவாக, கடைசியில் சேற்றுநிலத்தில் தடம் இல்லாமல் போய்விட்டது. நான் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். "நீ அதுக்குப் பாவம் பார்க்கேல்லையடா, உனக்குப் பாவம் பார்த்தனீ. உன்ரை நெஞ்சிடி தாங்காமல் போனனீ" என்று கத்தினேன். அவன் பிறகு இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. சரியாகத்தான் சொன்னேன். கொஞ்சம் கூடிப்போயிற்று, ஆனால் சரியாகத்தான் சொன்னேன்.

வெளிச்சம் ஏன் இப்படிச் செத்துப்போயிற்று என்று தலையை நிமிர்த்தினால் மேற்கே வானம் ஈயச்சட்டி நிறத்தில் நிற்கிறது. மழை இரவுக்குத்தான் என்று தொலைபேசியில் காட்டியது, இவர்கள் சொன்னபடி எது நடந்தது. மழை வந்தால் கதை முடிந்தது, இருக்கிற கொஞ்ச இரத்தமும் கழுவிப்போய்விடும், ஏற்கெனவே வயிற்றில் பட்ட மானுக்கு வெளியே வருகிற இரத்தம் ஊசிமுனை அளவுதான். இப்போதே எழும்பினால் தடம் இருக்கிறது, மான் உயிரோடு இருக்கும், ஓடிவிடும். பொறுத்திருந்தால் மான் கிடக்கும், தடம் இராது. எந்தப் பக்கம் போனாலும் இழப்புத்தான். நல்லாயிருக்கிறது. மழை தொடங்க முதல் போய்ப் பார்த்தால் என்ன, மெதுவாக, காற்றுக்கு எதிராக, படுத்திருந்தால் தூரத்திலிருந்தே இன்னொரு அம்பு விடலாம். விடலாம்தான், அவன் அருமைநாதனும் இப்படித்தான் நினைத்திருப்பான். கை தானாகத் தொலைபேசியை எடுத்துவிட்டது. யாராவது ஒருவர் போ என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை. அருமைநாதன் எடுத்தான், பின்னால் கரண்டிச் சத்தம், காலைச்சாப்பாடு போல. "பச்சை" என்று மெதுவாகச் சொன்னேன். "மழை வருகுது. என்ன செய்யிறது?" கரண்டிச் சத்தம் நின்றது. "எத்தினை மணிக்குப் பட்டது?" "விடிஞ்சு கொஞ்சத்திலை." "அப்ப இன்னும் நேரம் கிடக்கு." "மழை வந்தால் தடம் போயிடும் மச்சான்." "போகட்டும்" என்றான். "நீ தானே எனக்குச் சொன்னனீ, உன்ரை நெஞ்சிடிக்குப் போகாதை எண்டு. இப்ப உனக்கு நெஞ்சிடிக்குதோ?" பழிவாங்குகிறான் என்று வாயில் ஒரு வார்த்தை வந்தது. ஆனால் அவன் குரலில் பழி இருக்கவில்லை. "நேசமக்கா எப்பிடி?" என்று கேட்டான். "அப்பிடித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகும் என் கால் என்னைக் கேட்காமல் எழும்பிவிட்டது. நான் நடக்கிறேன், இதோ, வில்லையும் எடுத்துக்கொண்டு, இன்னொரு அம்பை நாணில் பூட்டிக்கொண்டு நடக்கிறேன், சும்மா ரிசுப் பேப்பர்வரை, முதல் துளியை மட்டும் பார்த்து வைத்துக்கொள்வோம், அதிலொன்றும் பிழை இல்லை. பேப்பர் ஈரக்காற்றில் ஆடுகிறது. கீழே ஒரு பீச் இலையில் ஒரு துளி, கறுத்து, நடுவில் ஒரு பச்சைப் பொட்டு. அடுத்த துளி கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது, அதையும் பார்த்துவிட்டால் திசை தெரிந்துவிடும், திசை தெரிந்தால் மழை வந்தாலும் பயமில்லை, பாருங்கள் எவ்வளவு நியாயமாக யோசிக்கிறேன். அந்த நியாயத்தை எனக்குத் தெரியும். ஒரு வாய், நேசம், இது ஒன்றுதான், இதை மட்டும் விழுங்கு, பிறகு நான் ஒன்றும் கேட்கமாட்டேன். விழுங்குவாள். அடுத்த கரண்டி தயாராக இருக்கும். தூக்கிய காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை, தொடை நடுங்கத் தொடங்கியது, கீழே எங்கேயோ, ஓடைப் பக்கம், ஒரு சுள்ளி முறிந்ததுபோல ஒரு சத்தம். மானாகவும் இருக்கலாம், அணிலாகவும் இருக்கலாம். காலைப் பின்னால் வைத்தேன். திரும்பி வந்து அதே மரத்தில் அதே ஈரத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் மழை தொடங்கியது.

மழை என்றால் அடித்து ஊற்றுகிற மழை இல்லை, இந்த நாட்டு ஐப்பசி மழை, அழவும் தெரியாது நிற்கவும் தெரியாது. அம்பிலிருந்த பச்சை கரைந்து என் காற்சட்டையில் வடிகிறது. அங்கே இலையிலிருந்த துளிகளும் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாக, நான் இங்கே கையைக் கட்டிக்கொண்டிருக்க. தலைமயிர் கொட்டத் தொடங்கிய கிழமை நேசமலரைக் குளியலறையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி நான்தான் தலைக்கு வார்த்தேன், தண்ணி போகிற ஓட்டையில் மயிர் அடைத்து, தண்ணி நிரம்பி, அவள் கால் இரண்டும் அந்தத் தண்ணிக்குள். நான் குனிந்து மயிரை எடுக்க எடுக்க அவள் ஒன்றும் சொல்லவில்லை, என் முதுகில் கையை வைத்தாள். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும். இப்போது அவள் கட்டிலில் எப்போதும் வாசல் பக்கம் திரும்பித்தான் படுக்கிறாள். என்னைப் பார்க்கத்தான் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன், மடையன். நான் வெறுங்கையோடு வந்தால் அந்த முகம் ஒருமாதிரி, கிண்ணத்தோடு வந்தால் ஒருமாதிரி. கிண்ணத்தைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்துவிடுவாள், மாட்டேன் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது, என் மனம் நோகும் என்று விழுங்குவாள், பிறகு நான் குசினியில் கிண்ணம் கழுவுகிற நேரம் பார்த்துப் போய்ச் சத்தி எடுப்பாள், குழாயைத் திறந்துவிட்டு, எனக்குக் கேட்கக்கூடாதென்று. எனக்குக் கேட்கும். கேட்டும், பத்து மணிக்கு ஜூஸ். என்ன, மானையும் மனுசியையும் ஒன்றாக்கிறாயோ? வெட்கமாக இல்லையோ? மானுக்கு அம்பை விட்டது நான், அவளுக்கு விட்டது யார், அவனைப் பிடித்துக்கொண்டு வா முதலில், இந்த மரத்தோடு கட்டுவோம். மான் ஒரு மிருகம், அது எங்கே கிடந்தாலும் எனக்கு இறைச்சி. முப்பத்திரண்டு வருடம் ஒரு போர்வைக்குள் படுத்தவளை விட்டுவிட்டு நான் எந்த மரத்தில் சாய்ந்து, எதுவரைக்கும் காத்திருப்பது? எனக்குக் கோபம் வருகிறது, யாரோடு என்று தெரியாமல் கோபம் வருகிறது, அதற்குப் பின்னால் வெறும் களைப்பு, எலும்புக்குள் இருக்கிற களைப்பு. எத்தனை மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறோம் நாங்கள் இரண்டுபேரும். அவள் முன்னால், நான் பின்னால். அவள் எங்கேயாவது படுப்பாள், நான் கிண்ணத்தோடு வந்துவிடுவேன்.

கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. தொப்பியின் நுனியிலிருந்து நீர் மூக்கில் விழுந்து எழுப்பியது. மழை விட்டிருந்தது, மேகத்துக்குப் பின்னால் வெயில் உச்சியைத் தாண்டிச் சரிந்திருந்தது, காடு முழுக்கச் சொட்டுச் சொட்டென்று ஒரே சத்தம். நேரமாகிவிட்டது. இவ்வளவு நேரமும் எழும்ப வேண்டும் என்று துடித்தவனுக்கு இப்போது எழும்ப மனமில்லை. முழங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு எழும்பினேன். ரிசுப் பேப்பர் கரைந்து கிளையில் ஒட்டிக்கிடந்தது. பீச் இலை கழுவித் துடைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது, அடுத்த துளி இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. சரி. வயிற்றில் பட்டதற்குத் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் தண்ணிக்குப் போகும், ஏறாது, இறங்கும். எனக்கு இதைவிட வேறொன்றும் மிச்சமில்லை. ஓடைப் பக்கம் இறங்கத் தொடங்கினேன், ஒவ்வொரு மரத்துக்கும் நின்று, பார்த்து, பிறகு அடுத்த மரம். ஒரு தாழ்ந்த கிளையைக் குனிந்து கடந்தபோது கண்டேன். இவ்வளவு கிட்ட. நான் சாய்ந்திருந்த மரத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். சீடர் மரங்களுக்குக் கீழே, ஓடைத் தண்ணிக்குப் பக்கத்தில், கால்களை மடித்து, தாடையை நிலத்தில் வைத்துப் படுத்திருந்தது. பின்னால் சுற்றிப் போய், வில்லின் நுனியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். இமைக்கவில்லை.

நான் அதைச் சுற்றித் தேடினேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. பிறகு விளங்கியது, மற்றப் படுக்கையைத் தேடுகிறேன். இல்லை. வந்த வழியில் எங்கும் சருகு அமுங்கவில்லை, ஓடைக்கரையிலும் இல்லை. வந்திருக்கிறது, தண்ணி குடித்திருக்கிறது, இந்த ஒரே இடத்தில் படுத்திருக்கிறது. நோகாமல் செத்தது என்று நான் சொல்லமாட்டேன், எய்தவன் அப்படிச் சொன்னால் நாக்கு அழுகும். நொந்திருக்கும். ஆனால் ஓடவில்லை. முகம் வந்த வழியைப் பார்த்தபடி இருந்தது, அடிபட்ட மான் எல்லாம் அப்படித்தான் படுக்கும், பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு. காலையில் நான் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேனே, அந்த இடத்தைத்தான் அது பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. நான் வருவேனா என்று பார்த்திருக்கிறது. நான் வரவில்லை.

அந்த ஓடைக்கரையில் நின்று வீட்டுக்கு எடுத்தேன். கன நேரம் மணியடித்த பிறகு எடுத்தாள், கட்டிலிலிருந்து கை நீட்டி எடுக்கிற சத்தம் கேட்டது.

"கிடைச்சுதோ?"

"ஓம்."

"இஞ்சை மழை பெய்தது. அங்கையும் பெய்திருக்கும், எப்பிடிக் கண்டனீங்கள்?"

"தூரம் போகேல்லை, நேசம். பிழையான இடத்திலைதான் பட்டது. ஆனால் தூரம் போகேல்லை. ஒரு இடத்திலைதான் படுத்திருக்கு."

இருபது வருடமாக என் மான் கதைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் அவள், அருமைநாதனை நான் திட்டியதைத் திட்டியபடியே வந்து அவளுக்குச் சொன்னவன் நான். ஒரு படுக்கை என்றால் என்ன என்று அவளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"அப்ப நீங்கள் பின்னாலை போகேல்லை" என்றாள்.

"போகேல்லை."

ஓடையில் தண்ணி போகிற சத்தம். அவளுக்கும் கேட்டிருக்கும். நான் மானைப் பார்த்தேன், பிறகு அதைப் பார்க்காமல் சீடர் மரத்தின் அடியைப் பார்த்தேன், அதில் ஒரு சின்ன எறும்பு. "இஞ்சேர்" என்றேன். "திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்து, வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, மறுப்பாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரே ஒருதரம் அவள் இல்லை என்று சொன்னால் போதும், நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்திருப்பேன். ஏன் என்றாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் மூச்சு விடுகிறது கேட்டது, நீளமாக, பாரத்தை இறக்கி வைத்த ஆள் விடுகிற மூச்சு. அந்த மூச்சு எனக்கு வயிற்றில் பட்டது.

"ஆரணிக்கு நீங்கள்தான் சொல்லோணும்" என்றாள்.

"சொல்லுறன்."

"அழுவாள்."

"ஓம்."

"நீங்கள் இப்ப அழுறியளோ?"

"ஓம்" என்றேன்.

அவள் அழாதேங்கோ என்று சொல்லவில்லை. பிறகு அவள், பழைய நேசமலரின் குரலில், குசினியில் நின்று அதட்டுகிற குரலில், "இனித்தானே வெட்டோணும். கத்தியைக் கவனமாப் பிடியுங்கோ, கை நடுங்கும். ஆறுதலா வாங்கோ, நான் இஞ்சைதான் கிடக்கிறன்" என்றாள்.

கத்தியை எடுத்தேன். கை நடுங்கியது. உறையில் திரும்பப் போட்டுவிட்டு, நடுக்கம் நிற்கும்வரை மானுக்குப் பக்கத்தில், ஈரச் சருகில் உட்கார்ந்திருந்தேன்.